விசிலுக்குள் இருந்தவள்

ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பானெட்டைத் திறக்காமலே தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர்ல பிளக் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான் போயிருக்கும். இருபத்தாறு வருஷமாகச் சம்பாதித்த பெயர் அது. ஆனால் எட்டு மாதமாக அவருடைய இடது காதில் சன்னமாக ஓர் இரைச்சல் குடியேறியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. காதுக்காரருக்கே காது போய்விட்டது என்று நாலு பேர் சிரிக்க எத்தனை நேரமாகும்?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய மச்சினன் காரை ஓட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். மனைவியின் ஒரே தம்பி. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். கார் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. நொறுங்கிய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஓர் இடத்தில் என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைத்து வேகம் கூட்டுகிற டர்போ ஒன்றை வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே பொருத்தியிருந்தான்.

வண்டி நின்றும் என்ஜின் அடங்கவில்லை. சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதைப் போல.

"பார்த்தீங்களா அத்தான்? காலை எடுத்தாலும் ரெண்டு செகண்ட் தானா ஓடுது. சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது. இதுல பெல்ட் சத்தம் வேற."

"என்ன பெல்ட் சத்தம்?"

"பக்கத்து சீட்ல ஆள் இருக்கு, பெல்ட் போடுன்னு கத்துது. சீட்ல ஒரு துண்டுகூடக் கிடையாது."

"உன் வண்டிக்குப் புத்தி கெட்டுப் போச்சு மாப்ள. ஓட்டுறவனைப் பார்த்துக் கத்துக்கிட்டது போல" என்றார் காதுக்காரர். மச்சினன் சிரித்தான். தூங்காத கண்களோடு ஒரு சிரிப்பு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் கொடுங்க அத்தான். அவளுக்கு ஏழாம் மாசம். செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும்."

காற்று எங்கோ கசிகிறது என்பது அவருடைய முதல் கணிப்பு. டர்போ போட்ட வண்டிகளுக்கு வருகிற வழக்கமான வியாதி. குழாய் இணைப்பு ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தாலே போதும், என்ஜின் தடுமாறும். காற்று உள்ளே போகும் வழியை அடைத்துவிட்டுப் புகை மெஷினைச் செருகினார். கசிகிற இடத்தில் புகை வெளியே வந்து காட்டிக்கொடுக்கும்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. எந்த இணைப்பிலும் புகை வரவில்லை.

நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

புகை காருக்குள்ளே இருந்தது. காரெங்கும் இல்லை. பக்கத்து இருக்கையில் மட்டும், முதுகு சாய்த்து, தோள் உயரத்துக்கு நின்றது. மடியில் எதையோ அணைத்துக்கொண்டதுபோல முன்பக்கம் புடைத்திருந்தது.

அவர் கதவைத் திறந்தார். புகை கலைந்துவிட்டது. குழந்தைக்குப் பூசுகிற பவுடரின் வாசனை மட்டும் மூக்கில் அடித்தது.

ஏசி வழியாகப் புகை உள்ளே போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மதியம் தனியாக ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். நல்ல வெயில். ஆள் நடமாட்டம் குறைந்த நேரான சாலை. வேகம் ஏற ஏற டர்போ விசில் அடித்தது. எல்லா டர்போவும் விசில் அடிக்கும்தான்.

இதன் விசிலுக்குள் ஒரு பெண்ணின் பேச்சு இருந்தது.

"மெதுவா."

காதுதான், என்று நினைத்தார். பாழாய்ப்போன காது.

"மெதுவா போங்க. பாப்பா தூங்குது."

சட்டென்று காலை எடுத்தார். வேகம் குறையவில்லை. அறுபது, எழுபது, எண்பது. பிரேக்கை மிதித்தார். மிதித்த காலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிலேட்டர் பெடல் தானாகக் கீழே இறங்கி, ஒரு செருப்பின் அடியில் அழுந்தி நிற்பதுபோல் நின்றது. பின்மண்டையில் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்தது. இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றுதான் வண்டியைச் சாலையோரம் கொண்டுவந்தார்.

அப்புறம் எல்லாம் அமைதி. பெல்ட் விளக்கு மட்டும் சிவப்பாகச் சிமிட்டி, கீங் கீங் என்றது.

ஸ்கேனரைச் செருகியபோது பெடல் நூறு சதவீதம் அழுத்தப்பட்டதாகப் பதிவு இருந்தது. அவருக்கு அந்த நேரத்தில் அது ஆறுதலாகக்கூட இருந்தது. பெடல் சென்சார் கெட்டுவிட்டது, அவ்வளவுதான். பெடல் இறங்கியதைப் பார்த்தது பயத்தில் கண் செய்த வேலை. குரல் காதின் வேலை. சென்சாரை மாற்றினார். என்ஜினுக்குக் காற்றை அளந்துவிடும் த்ராட்டிலைச் சுத்தம் செய்தார். புதன் முழுக்க ஓட்டியும் வண்டி ஒழுங்காகவே போனது. பக்கத்து இருக்கைக்கு அடியில் கையை விட்டு வயரை உருவினார். கீங் கீங் நின்றது. அவள் மட்டும் விசிலுக்குள் முனகிக்கொண்டே வந்தாள். என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்க முயலவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மச்சினன் சாவியை வாங்கிக்கொண்டான். வாங்கியும் போகாமல் நின்றான். குரலைத் தாழ்த்தி, "ஓட்டும்போது வேற ஏதாவது சத்தம் கேட்டுச்சா அத்தான்?" என்று கேட்டான்.

 இவனுக்கும் கேட்டிருக்கிறதா? கேட்டிருந்தால் அது காதின் வேலை இல்லை; நொறுங்கிய வண்டியில் செத்தவர்கள் டர்போவோடு சேர்ந்தே வந்திருக்கிறார்கள். அந்த டர்போவை இப்போதே கழற்றி எறிய வேண்டும். ஆனால் கேட்டிராவிட்டால்? அத்தானுக்கு எந்திரம் பேசுகிறதாம் என்று நாளைக்கே குடும்பம் முழுக்கப் பரவிவிடும்.

"என்ன சத்தம்?" என்றார்.

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

"ஒண்ணும் இல்லடா. நல்லா இருக்கு, தைரியமா எடுத்துட்டுப் போ."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு ஃபோன் வந்தது.

சரிவான சாலையில் இறங்கிய கார், திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியிருந்தது. மச்சினன் அந்த இடத்திலேயே போய்விட்டான்; அவன் மனைவியை மட்டும் உயிரோடு எடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி ஆஸ்பத்திரி நடையில் தரையில் உட்கார்ந்து, "என் தம்பியை உங்களை நம்பித்தானே விட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மச்சினன் மனைவியைப் பார்க்க அவரை விட்டார்கள். கழுத்தைச் சுற்றிப் பட்டை. வயிறு தட்டையாகிப் போயிருந்தது. வீட்டில் அவள் அவரை வாய் நிறைய அண்ணா என்பாள்.

"அண்ணா" என்றாள். "அவரு பிரேக்லதான் ஏறி நின்னாரு. நான் என் கண்ணால பார்த்தேன்."

"பேசாதம்மா. தூங்கு."

"நான் பின்னாடி உக்காந்தேன், படுத்துக்கலாம்னு. முன்னாடி இருந்தாங்களே, அவங்களுக்கு என்ன ஆச்சு?"

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கைக்குழந்தையோட இருந்தாங்க. மெதுவா போங்க, மெதுவா போங்கன்னு கெஞ்சிக்கிட்டே வந்தாங்க." அவள் மூச்சை இழுத்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நினைச்சேன். அவங்களைப் பத்தி உங்ககிட்ட கேட்டதாகவும், தைரியமா எடுத்துட்டுப் போன்னு நீங்க சொன்னதாகவும் அவரு சொன்னாரு."

அவன் நேராகக் கேட்கவில்லை. இவர் நேராகப் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இருவரில் யாராவது சொல்லியிருந்தால் போதும். இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஐந்தாம் நாள், நொறுங்கிய கார்களைப் போட்டுவைக்கும் மைதானத்துக்கு அவர் தனியாகப் போனார். மூட்டமான பிற்பகல். கையில் ஸ்பேனரும் சம்மட்டியும் இருந்தன. அந்த டர்போ இன்னொரு வண்டிக்குப் போகக் கூடாது. அது ஒன்றையாவது செய்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தார். கார் முன்பாதி இல்லாமல் கிடந்தது. பேட்டரியைக் கழற்றியிருந்தார்கள். பெட்ரோலை வடித்திருந்தார்கள். என்ஜின் இரண்டாகப் பிளந்திருந்தது. டர்போ மட்டும் கீறல்கூட விழாமல் இருந்தது.

அவர் ஸ்பேனரை நீட்டும்போது தூறல் போட்டது.

கை அப்படியே நின்றது.

சுற்றிலும் மற்ற இரும்பெல்லாம் சத்தமில்லாமல் நனைந்தது. டர்போவின் மேல் மட்டும், துளி விழுந்த இடமெல்லாம் சுர்ரென்று ஆவி எழுந்தது.