முடியாத கடைசிப் பாட்டு

அண்ணன் எனக்கு வைத்த பெயர் பசை. இசைத்தட்டுக் கடைக்குப் போனால் நான் அங்கேயே ஒட்டிக்கொள்வேனாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்று அவனும்தான் என்னோடு ஒட்டிக்கொண்டு நின்றான். கடைக்கு அது கடைசி நாள்.

கடைக்கார மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஆனால் தெருவுக்கே அவர் மாமாதான். இப்போது யாரும் தட்டு வாங்க வருவதில்லை, போனிலேயே பாட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். அதனால் கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார்.

அலமாரியெல்லாம் காலி. மேசைமேல் ரெக்கார்டு பிளேயரும் நாலைந்து பழைய தட்டுகளும் மட்டும் மிச்சம். அவற்றை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் வாசலில் நின்றார்.

"சார், நேரமாச்சு. இன்னும் ரெண்டு இடம் போகணும்."

"ஒரே ஒரு பாட்டுப்பா. கேட்டுட்டு மூடிடுறேன்," என்ற மாமா என் பக்கம் திரும்பினார். "எதைப் போடலாம் பசை?"

"படகுப் பாட்டு!"

"அது பாதியில நின்னுக்கிட்டு நகராது," என்றான் அண்ணன். "உன்னை மாதிரியே."

மாமா அதையே போட்டார். பாதிப் பாட்டில் கீறல் வந்தது.

"கரை தெரியுது... கரை தெரியுது... கரை தெரியுது..."

எப்போதும் இந்த இடத்தில் மாமா விரல் முட்டியால் மேசையை 'டொக்' என்று தட்டுவார். ஊசி கீறலைத் தாண்டிவிடும். அன்றும் கையை ஓங்கினார். ஆனால் தட்டவில்லை.

"என்ன சார் இது, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி..." என்று ஆரம்பித்த வண்டிக்காரர், அது நிஜமாகவே கீறல் விழுந்த ரெக்கார்டுதான் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பாட்டு முடியாவிட்டால் கடையும் மூடாது! இப்படியே சிக்கிக் கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பாட்டை முடிக்கவும் அவருக்கு மனசில்லை, இப்படி விடவும் மனசில்லை. நாங்கள் எல்லோரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் தட்டட்டுமா மாமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

டொக். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னும் கொஞ்சம் பலமா," என்றார்.

டொக்!

ஊசி தாண்டியது. பாட்டில் படகு கரை சேர்ந்தது. கடைசியில் வரும் புல்லாங்குழலையும் முழுசாகக் கேட்டோம். அண்ணன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நான் அழுதேவிட்டேன்.

மாமா ஊசியைத் தூக்கி வைத்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார் வண்டிக்காரர். அவர் எப்போது உள்ளே வந்தார் என்றே தெரியவில்லை. "தினமும் இந்த வழியாத்தான் போறேன், வரேன். ஒரு நாளாவது உள்ள எட்டிப் பார்த்திருக்கலாம்."

"இன்னைக்காவது வந்தீங்களே," என்று மாமா சிரித்தார்.

பிளேயர் வண்டியில் ஏறியது. மாமா ஷட்டரை ஒரு பக்கம் பிடித்தார். அவர் கேட்பதற்குள் நான் மறுபக்கம் பிடித்தேன். அண்ணன் நடுவில் புகுந்துகொண்டான். மூன்று பேருமாகச் சேர்ந்து மெதுவாக இறக்கினோம்.