ஐம்பத்தொன்பது கிலோ மர்மம்

2018 டிசம்பர் 13, வியாழக்கிழமை, காலை 9.40. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் நகர எடைமேடையில், ஜீப் இழுத்து வந்த ஒரு கேரவன் வீட்டுவண்டி ஏறி நின்றது.

எடை 1,273 கிலோ.

"ஐயோ!"

எல்சபே ஸ்டெய்ன் போட்ட அலறலில் எடைமேடைக்காரரின் டீ சட்டையில் கொட்டியது!

"என்னாச்சு எல்சா?" ஜீப்பிலிருந்து கணவன் ஃப்ரிட்ஸ் எட்டிப் பார்த்தான்.

"ஐம்பத்தொன்பது கிலோ அதிகம்!"

"யாரு, நானா?"

"கேரவன்!"

எல்சபேக்குத் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டர் வேலை. பதினேழு வருடம். நிறுக்காமல் எதையும் அனுப்பியதில்லை. இந்தக் கேரவனுக்குள் போன கரண்டி, போர்வை, தகர டப்பா எல்லாமே அவளுடைய இரும்புத் தராசில் ஏறி இறங்கியவை. பட்டியல் ஏழு பக்கம். காலிக் கேரவனையும் சேர்த்து மொத்தம் 1,214.

கேரவனின் தகட்டில் பொறித்திருந்த உச்சவரம்பு 1,250!

சனிக்கிழமை விடிந்தால் எல்லை தாண்டி மொசாம்பிக். பிலேன் கடற்கரை. பத்து நாள். ஒரு வருடக் கனவு... வரம்பை மீறிய வண்டியை இழுத்துப் போனால் காப்பீடு செல்லாது. எல்லையில் நிறுத்தினால் பயணமும் செல்லாது.

வீட்டு முற்றத்தில் விசாரணை தொடங்கியது.

முதல் குற்றவாளி, பதினான்கு வயது மகள் லீஸ்ல்.

"செருப்பும்மா..."

"எத்தனை ஜோடி?"

"எட்டு கிலோ."

"ஜோடி கேட்டேன்!"

"கிலோதான் கம்மியா கேக்குதும்மா!"

இரண்டாவது குற்றவாளி தானாகவே கட்டிலுக்கடியில் கையை விட்டான். சாக்கு வெளியே வந்தது. விறகு! பத்தொன்பது கிலோ!

"ஃப்ரிட்ஸ்... மொசாம்பிக்ல மரமே இல்லியா?"

"இருக்கு. ஆனா அந்த விறகுல கறி சுட்டா, கறி நம்ம ஊர்க் கறி மாதிரி இருக்காது எல்சா. ஒரு மனுஷனுக்குன்னு ஒரு நெருப்பு வேணாமா?"

"இறக்கு."

இறக்கினான். முகம் ஏதோ சாவு வீட்டுக்குப் போவது போல் இருந்தது.

"சரி, இப்ப ஆயிரத்து இருநூத்து நாப்பத்தாறு. வரம்புக்குள்ள வந்தாச்சு!" ஃப்ரிட்ஸ் துள்ளினான். "ஜாலி! கெளம்பலாம்!"

எல்சபே அசையவில்லை.

"இன்னும் முப்பத்திரண்டு கிலோ யாரோடது?"

"விடேன்..."

"முப்பத்திரண்டு கிலோ ஃப்ரிட்ஸ்! நாம வைக்காத ஒண்ணு நம்ம வண்டிக்குள்ள இருக்கு! எல்லையில அதை சுங்க அதிகாரி கண்டுபிடிச்சா உள்ள போறது நீயும் நானும். லீஸ்ல் யார்கூட இருப்பா?"

ஃப்ரிட்ஸின் துள்ளல் நின்றது.

மூவரும் தேடினார்கள். அலமாரி, தண்ணீர்த் தொட்டி, மெத்தை... ஒன்றுமில்லை!

"கண்ணுக்கே தெரியல. ஆனா கனக்குது..." எல்சபே முணுமுணுத்தாள். "அப்படின்னா அது சின்னது. ரொம்பச் சின்னது. ரொம்பக் கனம்."

அவள் நிமிர்ந்தாள். தூரத்தில் மலை. மலைக்குள் சுரங்கம். இந்த ஊரில் சின்னதாகவும் கனமாகவும் இருப்பது ஒன்றே ஒன்றுதான்!

"நம்மளைத் தவிர இந்தக் கேரவன்ல கை வச்சது யாரு?"

"யாருமில்ல. போன சனிக்கிழமை கூஸ் மாமா வந்து சக்கரத்துக்கு கிரீஸ் போட்டாரு. ஓசியில."

கூஸ் மாமா, கேரவன் சங்கத் தலைவர். வருடாவருடம் எல்லை தாண்டும் வரிசையில் முதல் வண்டி அவருடையதுதான்.

"எடைமேடைக்கெல்லாம் எதுக்கு, நான் கண்ணாலயே எடை போட்டுட்டேன்னு சொன்னாரே... அவரா?"

"சேச்சே! ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காணிக்கைத் தட்டு ஏந்தறவரு எல்சா!"

"தட்டு ஏந்தறவருக்கு எடை தெரியும்ல?"

எல்சபே வேலிக்கு மேலே எட்டி, பக்கத்து வீட்டு சார்ஜென்ட் ஸோட்வா ஷோங்வேயைக் கூப்பிட்டாள். சார்ஜென்ட் ஏழு பக்கப் பட்டியலையும் படித்து முடித்தாள்.

"காணாமப் போச்சுன்னுதான் புகார் வரும் அக்கா. அதிகமா இருக்குன்னு வர்றது இதான் முதல் தடவை. போனைப் போடுங்க. நான் சொல்ற மாதிரி பேசுங்க."

எல்சபே போனைப் போட்டாள்.

"கூஸ் மாமா? கேரவன் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். கூடாரம் எடுத்துட்டுப் போறோம்."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

"...மாமா?"

"அவசரப்படாதம்மா! ஆக்சில்ல ஏதோ சத்தம் கேட்டுச்சு, நானே வந்து பாக்குறேன். யாரும் தொடாதீங்க! வந்துட்டேன்!"

பதினோரு நிமிடத்தில் காரில் வந்தார். பதினெட்டு கிலோமீட்டர் தூரத்துக்குப் பதினோரு நிமிடம். அதுவும் எழுபது வயதில்!

"நீங்க உள்ள போய் காபி குடிங்க. மாமா பாத்துக்கறேன்."

"சரி மாமா."

வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. கூஸ் மாமா ஜாக்கியை வைத்தார். மிதித்தார். மீண்டும் மிதித்தார்.

"சே... ஏன் இவ்ளோ கனம்?"

"தொண்ணூத்திரெண்டு கிலோ மாமா!"

கேரவன் கழிவறையின் ஜன்னல் திறந்தது. சார்ஜென்ட் ஷோங்வேயின் முகம். கையில் துப்பாக்கி!

"என்னை லிஸ்ட்ல சேர்க்கல! ஜாக்கியை விட்டுட்டு குப்புறப் படுங்க!"

வேலிக்குப் பின்னாலிருந்து இரண்டு காவலர்கள் குதித்தார்கள்.

ஆக்சிலுக்கு மேலே ஒரு புது இரும்புக் குழாய். அதற்குள் கால்சட்டைத் துணியில் சுற்றிய பொட்டலங்கள். எல்லாம் சேர்ந்து ஒன்றரை லிட்டர் பாட்டில் அளவுகூட இல்லை. பிரித்ததும் மஞ்சளாய் மின்னின...

தங்கம்! சுரங்கத்திலிருந்து திருடி உருக்கிய தங்கம்!

"எதுக்கு மாமா எங்க வண்டி?" ஃப்ரிட்ஸ் கேட்டான்.

"உன் பொண்டாட்டி ஏழு பக்க லிஸ்ட்டை நீட்டுவா. அதைப் பாத்தா எந்த அதிகாரியும் ஓடிடுவான். அதான்." கூஸ் மாமா பெருமூச்சு விட்டார். "அந்த லிஸ்ட்டாலயே மாட்டினேன்."

சார்ஜென்ட் தங்கத்தைக் குழாயோடு சேர்த்து நிறுத்தாள். காவல் நிலையத்திலிருந்து கொண்டுவந்த தராசு.

"இருபத்தெட்டு கிலோ."

எல்சபேயின் புருவம் ஏறியது.

"முப்பத்திரண்டு இருக்கணுமே!"



"மாமா!" சார்ஜென்ட் உறுமினாள். "மிச்சம் நாலு கிலோ எங்க?"

"இருபத்தெட்டுதான் வச்சேன்! சர்ச் மேல சத்தியம்!"

"உங்க சத்தியத்தை எந்தத் தராசுல நிறுக்கறது? கழட்டுங்கடா வண்டியை!"

இரண்டு மணி நேரம்! கட்டிலைப் பிரித்தார்கள். சக்கரத்தைக் கழற்றினார்கள். அடுப்பின் வயிற்றைத் திறந்தார்கள். முற்றம் முழுக்கப் போர்வை, கரண்டி, தகர டப்பா...

எல்சபேயின் கண்ணில் நீர். சனிக்கிழமை கண்ணெதிரே உதிர்ந்துகொண்டிருந்தது!

காவலர் ஒருவர் பாத்திரத் தொட்டிக்கு அடியில் கையை விட்டார்.

"மேடம்! துணியில சுத்தி ஏதோ இருக்கு! கனமா... இரும்பு மாதிரி!"

துப்பாக்கிகள் உயர்ந்தன. துணி விலகியது.

லீஸ்ல் குனிந்து பார்த்தாள்.

"அம்மா... இது உன் தராசு."

துப்பாக்கிகள் இறங்கின.

"நீதானே உள்ள வச்ச?"

"வழியில வாங்கற மீனை நிறுக்க வேணாமாடி?" எல்சபேயின் குரல் மெல்லியது.

"லிஸ்ட்ல இல்லியே?"

"அதை... எதுல வச்சு நிறுக்கறது?"

ஃப்ரிட்ஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சார்ஜென்ட் சிரித்தாள். விலங்கு மாட்டிய கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூஸ் மாமாவும் சிரித்தார்!

சார்ஜென்ட் அந்தத் தராசைக் காவல் நிலையத் தராசில் வைத்தாள். சரியாக நான்கு கிலோ.

சனிக்கிழமை காலை 6.10. கேரவன்களின் வரிசை எல்லையை அடைந்தது. முதல் வண்டி இப்போது ஸ்டெய்ன் குடும்பத்துடையது. கூஸ் மாமா பார்பர்ட்டன் சிறையில் இருந்தார். விறகு வீட்டில் இருந்தது.

சுங்க அதிகாரி குனிந்தார்.

"என்னம்மா கொண்டு போறீங்க?"

எல்சபே பட்டியலை விரித்தாள். எட்டாவது பக்கம் புதிது. அதில் ஒரே ஒரு வரி.

"ஆயிரத்து இருநூத்துப் பதினெட்டு கிலோ சார். கரண்டியிலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா, தராசுலேர்ந்தா?"

அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடினார்.