மூன்றாம் பாகத்தில் அம்மா இல்லை

ஜூன் மாதத்து முதல் திங்கள்கிழமை, தொடர்நூல் வரும் நாள். தூத்துக்குடி கடற்சுவருக்கு உள்ளே இருந்த அந்தப் பள்ளியில், பன்னிரண்டு வயதானதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதை தொடங்கும். மணிக்கட்டில் கிடக்கும் நாடிக்காப்பு வருடம் முழுவதும் அந்தப் பிள்ளையின் நாடியைக் கேட்கும். கதைப்பொறி அதைக் கொண்டு அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு பாகம் எழுதும். பெரியவர்களுக்கும் காப்பு உண்டு, கதைதான் கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

"மொதப் பாகம்தாண்டி கெத்து. ரெண்டாவதுல இழுத்துட்டாங்க," என்றாள் இசக்கி. "என் கதாநாயகி பாதிப் புத்தகம் பல்வலியோட படுத்துக் கெடந்தா."

"உனக்கும் பல்வலிதானட்டி," என்றாள் பக்கத்திலிருந்த அமலி.

"அதுக்காக அதைக் கதையிலயும் அனுபவிக்கணுமா?"

சிரித்தாளே தவிர, இசக்கி தன் உறையைப் பிரிக்கவில்லை. காரணம் வகுப்புக்கே தெரியும். முதல் பாகத்தில் வந்த அவள் மாமா இரண்டாம் பாகத்தில் வரவில்லை. அந்த வருடத் தீபாவளிக்குள் மாமா இறந்துபோனார். அன்றிலிருந்து பிள்ளைகள் கிசுகிசுத்துக்கொண்டார்கள்: யார் சாவார்கள் என்று புத்தகத்துக்கு முன்கூட்டியே தெரியும்.

அமலி பிரித்துவிட்டாள். அவள் கதையில் ஒரு பெண் தனியாகக் கப்பல் ஓட்டுவாள். கரையில், கலங்கரை விளக்கத்தில், அவளுடைய அம்மா இருப்பாள். முதல் பாகத்தில் தினமும் விளக்கேற்றினாள். இரண்டாம் பாகத்தில் ஜன்னலில் நின்று இரண்டு மூன்று முறை கை காட்டினாள். அமலி பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். விளக்கு மேடை வந்தது. இருட்டாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

கடைசிப் பக்கம்வரை பார்த்தாள். அம்மா எங்குமே இல்லை.

அம்மா உப்புநீர் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் நேரம். ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்னாச்சு?" இசக்கி எட்டிப் பார்த்தாள். அவள் முகமும் வெளுத்தது. "நீ ஓடு. பையை நான் கொண்டாரேன். போ."

வாசலில் லூர்து டீச்சர் அமலியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அம்மா இல்ல டீச்சர். புத்தகத்துல இல்ல. செத்துருவாளா?"

"கதைப்பொறிக்குச் சாவெல்லாம் தெரியாதும்மா. அங்க இசக்கி கையைப் பாரு."

அமலியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த இசக்கியின் காப்பில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

"அது சார்ஜ்தானே?"

"யாருக்காகவாவது மனசு இளகினா எரியும். அது யாருக்காக எரிஞ்சுதோ அவங்கதான் கதைக்குள்ள வருவாங்க. சொன்னா நடிப்பீங்கன்னு நாங்க சொல்றதில்ல." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இசக்கி வீட்டுக்கும் அவ மாமாவுக்கும் சண்டை. அந்த வருஷம் முழுக்க அவரை அவ நெனைக்கவே இல்ல. அவ்வளவுதான். அவர் செத்தது வேற விஷயம்."

நிம்மதி வரவில்லை. இன்னும் பெரிய பயம் வந்தது: அப்படியானால் அம்மாவுக்காக ஒருமுறைகூட இது எரியவில்லையா?

அமலி கடற்சுவர் ஓரமாக ஓடினாள். மாதாவே, மாதாவே என்று உதடு முணுமுணுத்தது. நடுவில் காப்பைப் பார்த்தாள். புள்ளி எரியவில்லை. அம்மா போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் இவ்வளவு நேரமும் பயந்திருக்கிறாள். எனக்கு, எனக்கு. ஒரு வருடமாக அவள் அம்மாவிடம் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது: சட்டை எங்கே, சாவி எங்கே, கதவைச் சாத்து.

வீட்டில் அம்மா உயிரோடு இருந்தாள். வெந்நீர் வாளியில் கால்களை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"புஸ்தகம் வந்துட்டா?" என்றாள். பிறகு வெட்கப்பட்டவள் போலச் சிரித்தாள். "நீ தூங்கினப்புறம் எடுத்துப் படிப்பேன். கோவிச்சுக்காத. போன பாகத்துல ஜன்னல்ல நின்னது நான்தான? இதுலயும் வாரேனா?"

பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"இல்லம்மா."

அம்மா தண்ணீரைப் பார்த்தாள். "கதை பெருசாயிட்டுல்லா. எல்லாரையும் கொண்டுவர முடியுமா?"

அமலி மீண்டும் தன் காப்பைப் பார்த்தாள். இருட்டு. இனி எரியவே எரியாதோ? பார்வையைத் திருப்பியபோது அம்மாவின் கணுக்கால்கள் கண்ணில் பட்டன. வீங்கி, உப்பு அரித்து, வெடித்திருந்தன. எத்தனை நாளாக இப்படி?

தரையில் உட்கார்ந்தாள். வாளிக்குள் கையை விட்டாள். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"சாப்ட்டியாம்மா?"

அந்தக் கேள்வி வேறு யாரிடமோ கேட்கப்பட்டதுபோல அம்மா ஒரு கணம் கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு, நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த அவள் மணிக்கட்டில் பச்சைப் புள்ளி எரிந்தது.

அமலி வாளியைத் தூக்கிக்கொண்டு வேறு வெந்நீர் வைக்க எழுந்தாள். தன் காப்பைப் பார்க்க மறந்துபோனாள்.