காற்றுப் புகாத பசை

டைல்ஸ் ஒட்டுகிற கர்தோனோ சுலாஸ்த்ரியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. மதியத்திலேயே அந்தச் சமையலறையில் விளக்கு எரிந்தது. ஜாவாவில், செமராங் நகரின் கடலோரப் பக்கம் எல்லா வீட்டுத் தரையும் ஈரம்தான். நாலு டைல்ஸ் பெயர்ந்ததற்கெல்லாம் அவர் அலட்டிக்கொள்கிற ஆள் இல்லை. முப்பது வருடத் தொழில். அந்தக் கர்வமும் கொஞ்சம் உண்டு.

"இது மூணாவது தடவைண்ணே," என்றாள் சுலாஸ்த்ரி. "முதல்ல சிமெண்ட் பால் ஊத்தி ஒட்டினாங்க. அப்புறம் மூட்டைல வர்ற பசை. ரெண்டும் நாலு மாசம் தாங்கல."

"ஒட்டினவன் கை அப்படிம்மா."

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய நாலு வயது மகன் கிலாங், பெயர்ந்த டைல்ஸ் மேலேயே உட்கார்ந்து இறால் அப்பளம் கடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பவும் அங்கதான் கெடக்கான். போன வாரம் தடுக்கி விழுந்து நெத்தியில தையல். இனிமே அது ஆடவே கூடாதுண்ணே."

அவள் பையனைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கர்தோனோ சாந்து பூசும் கரணையின் பிடியால் டைல்ஸைத் தட்டினார்.

டொக். டொக்.

உள்ளே வெறும் பொள்ளல்.

டொக். டொக்.

இரண்டாவது முறை அவர் தட்டவில்லை.

எலி என்று சொல்லிக்கொண்டார். டைல்ஸைப் பெயர்த்து எடுத்தார். சாக்கடை நாற்றம் வரும் என்று நினைத்திருந்தார். வந்தது வாடிய பூவும் பழைய ரத்தமும் கலந்த வாடை. மணலில் விரல் பருமனுக்கு ஒரு மூங்கில் நுனி தெரிந்தது. கொத்தனார் நூல் கட்ட அடித்த முளையாக இருக்கும், கரையான் குடைந்துவிட்டது என்று முடிவு கட்டினார். உள்ளங்கையை அதன் மேல் வைத்தார்.

வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

ஈரம் ஏறுகிற இடம், ஓட்டை வேறு என்று யோசித்தார். சிமெண்ட் இங்கே நிற்காது. மூட்டைப் பசையும் ஊறிப்போகும். நீச்சல் குளத்துக்குப் போடுகிற இரட்டை டப்பா பசைதான் சரி. இரண்டையும் குழைத்தால் கால் மணி நேரத்தில் கல். அதில் தண்ணீரும் நுழையாது, காற்றும் நுழையாது.

முதலில் அந்த மூங்கில் ஓட்டையை நிறைத்து அடைத்தார். நாலு டைல்ஸையும் பதித்து, மட்டம் பார்த்து, கை கழுவினார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிப் பார்த்தார். கெட்டியான சத்தம். திருப்தியாக இருந்தது.

முன்னறையில் பையன் இரைக்க ஆரம்பித்தான்.

"போன ரெண்டு தடவையும் இப்படித்தாண்ணே," சுலாஸ்த்ரி அவனைத் தோளில் போட்டபடி ஓடி வந்தாள். "ஒட்டின அன்னைக்கு இழுக்கும். டைல்ஸ் ஆடத் தொடங்கினா சரியாயிடும். இவ்வளவு இழுத்ததில்ல."

கர்தோனோ எழுந்து நாலு சுவரையும் பார்த்தார்.

"பழைய வாசக்கதவு எங்கம்மா இருந்துச்சு?"

"இந்த அடுப்புச் சுவர்தான். இவன் பொறந்தப்புறம் வாசலுக்கு வெளிய நீட்டி இந்தச் சமையலறையக் கட்டினோம்."

"பையனோட நஞ்சுக்கொடிய எங்க பொதைச்சீங்க?"

"இவன் அப்பாதான் பொதைச்சாரு. நான் படுக்கையில கெடந்தேன். எங்கன்னு கேட்டுக்கல. இப்ப அவரு கப்பல் வேலையில..." அவள் கண் டைல்ஸ் மேல் போனது.

ஜாவா வழக்கத்தில் ஆண் பிள்ளையின் நஞ்சுக்கொடி என்றால் வாசலுக்கு வலப்பக்கம். பூவோடு சட்டியில் வைத்துப் புதைத்து, கூடப் பிறந்த தம்பி என்று பேர் சொல்லி விளக்கேற்றுவார்கள். சில வீடுகளில் தம்பி மூச்சுவிட ஒரு மூங்கில் குழாயும் வைப்பதுண்டு. கர்தோனோ தன் மூன்று பிள்ளைகளின் நஞ்சுக்கொடியையும் தானே புதைத்தவர். தரையைப் பற்றி எல்லாம் யோசித்த மனிதர், இதைக் கேட்க மறந்துவிட்டார்.

உளியை எடுத்து அடித்தார். டைல்ஸ் தூள் தூளாகத் தெறித்தது. பசை அசையவில்லை. உளி முனை மழுங்கியது. அடுத்த உளி உடைந்தது. சுற்றிலும் கொத்தினார், பழைய கான்கிரீட். அழுகை வந்தது அவருக்கு. நல்ல பசைதான். அவரே பார்த்துப் பார்த்து எடுத்த பசை.

"அண்ணே, சீக்கிரம்ணே."

"இரும்மா... இரும்மா..."

இரைப்பு நின்றது.

"கிலாங்? டேய் கண்ணா?" அவள் மகனின் நெஞ்சில் தட்டினாள்.

டொக். டொக்.

அவன் நெஞ்சுக்குள் வெறும் பொள்ளல்.

தரைக்குக் கீழே, கெட்டியான பசைக்கு அடியிலிருந்து, யாரோ பதிலுக்கு இரண்டு முறை தட்டினார்கள்.