ஃபானிக்கு ஒரு முத்தம் பாக்கி

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டே கால். வில்மரோன் ஊர் மேயர் கோந்திரான் புஷார் ஊரார் முன்னிலையில் கஃபே தரையில் மண்டியிட்டார். கண்களை இறுக மூடினார். உதடுகளைக் குவித்தார். வெறும் காற்றுக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

"அங்க ஒண்ணும் இல்லையே, மேயர் ஐயா" என்றார் பேக்கரிக்காரர் பர்னாபே.

மேயர் கண் திறந்தார். எதிரே சுவரில் ஒரு மாடம், விலக்கிய சிவப்புத் திரை, நடுவில் வெறுமை. அவருடைய மெழுகு தடவிய மீசையிலிருந்து ஒட்டடை நூல்நூலாகத் தொங்கியது. லியோன் நகரத்திலிருந்து வந்திருந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் கடமை தவறாமல் அதையும் படம் எடுத்துக்கொண்டார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு, ஒவ்வொருவராக, சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஃபானியைக் காணோம்.

இலக்குக் கட்டைக்கு மிக அருகில் குண்டை எறிந்தவனுக்குப் புள்ளி, பதிமூன்று புள்ளியில் ஆட்டம் முடியும்: அதுதான் இரும்புக் குண்டு ஆட்டம். அதில் பதிமூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றவன் ஃபானியின் பின்புறத்தில் முத்தமிட்டே ஆகவேண்டும். ஒரே ஒரு புள்ளி எடுத்துவிட்டால் மானம் தப்பிவிடும். வேறு ஊர்களில் ஃபானி சுவரில் தொங்கும் படம். வில்மரோனில் அவள் சிலை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் திரும்பி நிற்கும் முழ உயரக்காரி. யாராவது பூஜ்யத்தில் தோற்றால் மட்டுமே மணியடித்துத் திரையை விலக்குவார்கள். மற்ற நாளில் திரையைத் தொட்டால் அந்த வருடம் திராட்சை அழுகிவிடும் என்று ஊருக்கே பயம். தூசி தட்டக்கூட மாட்டார்கள். தோற்றவன் மீசைதான் துடைப்பம்.

மேயர் எழுந்தார். முழங்காலைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் குறைந்தது கால் மணி நேரம் என்று ஊருக்குத் தெரியும்.

"குடிமக்களே. இது வெறும் திருட்டு இல்ல. நம்ம பாரம்பரியத்தோட நெஞ்சுல விழுந்த குத்து."

"நெஞ்சுலயா?" என்றார் ஃபாதர் அன்செல்ம்.

மேயர் அதைக் காதில் வாங்கவில்லை. "இன்னைக்குக் காலைலதான் யாரோ எடுத்திருக்காங்க. காலைலேர்ந்து நான் எல்லார் கண் முன்னாடியும் மைதானத்துல நின்னேன். அதனால என்மேல யாரும் விரல் நீட்ட முடியாது. ஆனா இந்த கஃபே யார் பொறுப்புல இருக்கு? நாளைக்குக் குத்தகை புதுப்பிக்கிற விஷயம் சபைக்கு வருது. ஊர்ச் சொத்தைக் காப்பாத்தத் தெரியாதவங்க கையில ஊர்க் கட்டடத்தை எப்படிக் குடுக்கிறது?"

கல்லாவுக்குப் பின்னால் நின்ற சொலான்ஜ் வெளுத்துப்போனாள். பதினெட்டு வருடமாக அந்த கஃபே அவளுடையது; மாடியில்தான் படுக்கை. கட்டடம் மட்டும் ஊர்ச் சபைக்குச் சொந்தம். ஒரு சாவி அவள் இடுப்பில், இன்னொன்று மேயர் அறையில்.

"அக்கா" என்றாள் மெதுவாக.

ஜன்னலோர மேசையில், சாப்பாட்டுக்குத் தயாராகக் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எர்மீன் பெருமூச்சு விட்டாள். லியோன் போலீசில் முப்பது வருடம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறி இந்த ஊருக்கு வருவது தங்கைக்காக என்று சொல்லிக்கொள்வாள். உண்மையில் தங்கை செய்யும் மீன் கொழுக்கட்டைக்காக. அது இப்போது அடுப்பில் உப்பிக்கொண்டிருந்தது. உப்பியவுடன் சாப்பிடாவிட்டால் அரசியல்வாதி மாதிரி, காற்று இறங்கிச் சப்பையாகிவிடும்.

"அடுப்பை அணைக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "கொஞ்ச நேரத்துல முடிச்சிடறேன்."

12.25. முதலில் லியோன் ஆட்டக்காரர் ரோலான். டிராம் ஓட்டுநர். மேயரைப் பூஜ்யத்துக்குக் கவிழ்த்த பெருமை முகத்தில் பளபளத்தது.

"ஆட்டம் எப்படிப் போச்சு?"

"எங்க டிராம் மாதிரிதான். நடுவுல நிக்கவே இல்ல."

"மேயர் என்ன சொன்னார்?"

"பன்னெண்டுக்கு பூஜ்யம் வந்ததும் தரையில படுத்து நூல் போட்டு அளந்தார் மேடம். அப்புறம் காதுல வந்து, 'ஒரே ஒரு புள்ளி விட்டுக் குடுங்க, ஒரு பெட்டி வைன் வீட்டுக்கே வரும்'னார். நான் வேலை நேரத்துல குடிக்கிறதில்லன்னுட்டேன்."

"ஞாயித்துக்கிழமை ஏது வேலை?"

"அவரைத் தோற்கடிக்கிறது வேலைதானே?"

12.35. ஃபாதர் அன்செல்ம்.

"கடைசியா ஃபானியைப் பார்த்தது யாரு?"

"நான்தான். போன ஆகஸ்ட் திருவிழாவுல மேயர்கிட்டத் தோத்தேன். மண்டி போடறது எனக்குத் தொழில்தானே, கூச்சமே இல்ல."

"அதுக்கப்புறம் யாருமே பூஜ்யத்துல தோக்கலையா?"

"பூஜ்யத்துக்குத் தோற்கடிக்கிற அளவுக்கு இங்க ஆடத் தெரிஞ்சவர் மேயர் ஒருத்தர்தான். நாங்கல்லாம் சமமா மோசம்." பாதிரியார் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நானும் தேறிட்டேன். மே மாசம் அவர்கிட்ட ஒரு புள்ளி எடுத்தேன். கர்வம் பாவம்தான். பாவமன்னிப்பும் கேட்டுட்டேன்."

12.45. பேக்கரிக்காரர் பர்னாபே. கேள்வியே கேட்கவில்லை, அவரே ஆரம்பித்தார்.

"மேடம், ஈஸ்டர் அன்னைக்கு நான் ஆடினதை நீங்க பாக்கலையே. பன்னெண்டுக்கு பூஜ்யம். எல்லாரும் மணிக்கயித்தப் பாக்கறாங்க. எம் பொண்டாட்டி முகத்த மூடிட்டா. நான் மூச்சப் பிடிச்சு ஒண்ணு விட்டேன் பாருங்க. அடுத்து மேயர் போட்ட குண்டு எங்கயோ போய் செடியில விழுந்துச்சு. புள்ளி எனக்கு. நான் விட்ட அந்தக் குண்டை இப்பவும் ரொட்டி அலமாரியிலதான் வச்சிருக்கேன்."

"மேயர் கோச்சுக்கலையா?"

"கட்டிப் பிடிச்சு, 'என் ஊர்ல எந்தக் குடிமகனும் மண்டியிட வேண்டாம்'னு பேசினார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முந்தியெல்லாம் சொந்த மாமனாரையே மண்டியிட வச்ச மனுஷன் அவரு. வயசாக ஆகப் பக்குவம் வருது."

எர்மீன் மாடத்தருகே போனாள். தலையை உள்ளே நீட்டி ஒரு நிமிடம் பார்த்தாள். அறுந்த ஒட்டடையின் மிச்சம் மாடத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடித்த சிலந்தி, வீடு இடிந்த துக்கத்தில், மூலையில் உட்கார்ந்திருந்தது.

"சொலான்ஜ், கஃபேயை எப்பவாவது பூட்டிட்டுப் போனியா?"

"பிப்ரவரியில ஒரு வாரம். உன் வீட்டுலதானேக்கா இருந்தேன்? உன் பல்வலிக்கு."

"ஆமா. மறக்க நினைச்சது."

12.55. எர்மீன் ஒரு கரண்டியால் கிளாசைத் தட்டினாள்.

"மேயர் ஐயா, நீங்க சொன்னது ரொம்பச் சரி. காலைலேர்ந்து நீங்க எல்லார் கண் முன்னாடியும்தான் இருந்தீங்க."

மேயர் தலையை லேசாகத் தாழ்த்தி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

"ஆனா திருட்டு இன்னைக்கு நடக்கல."

தாழ்ந்த தலை அங்கேயே நின்றது.

"உங்க மீசையப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. அதுல இருந்த ஒட்டடை எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கல. சிலையச் சுத்திக் கட்டின வலையா இருந்தா, சிலையை எடுக்கும்போதே அறுந்திருக்கும். இது அவ நின்ன இடத்துக்கு நட்டநடுவுல, இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் கட்டின வலை. அவ்வளவு பெரிய வலையை ஒரு காலையில கட்ட முடியாது. அதுவும் இந்த நாட்டுல ஞாயித்துக்கிழமை சிலந்திகூட வேலை செய்யாது. ஃபானி போய் மாசக் கணக்காச்சு."

"அப்போ... யாரு வேணும்னாலும்..." என்றார் மேயர்.

"யாரு வேணும்னாலும் இல்ல. திரை திறந்தா விஷயம் வெளிய வந்துடும். யாரும் பூஜ்யத்துல தோக்காத வரைக்கும் திருடனுக்கு நிம்மதி. அதனால ஒரு சின்னக் கேள்வி." கூட்டத்தைப் பார்த்தாள். "ஈஸ்டர்லேர்ந்து மேயர் ஐயாகிட்டப் புள்ளி எடுத்தவங்க கை தூக்குங்க."

பர்னாபே கை முதலில் எழுந்தது. அடுத்து பாதிரியார். தபால்காரர். பர்னாபேயின் மனைவி. எல்லோரும் பெருமையாக, ஒருவரையொருவர் பார்க்காமல், உயர்த்தினார்கள்.

"எத்தனை புள்ளி?"

"ஒண்ணு."

"ஒண்ணு."

"ஒண்ணு."

நான்காவது 'ஒண்ணு' பாதியிலேயே நின்றது. கைகள் மெல்ல இறங்கின. பிறகு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மேயரைப் பார்த்தார்கள்.

"யோவ் கோந்திரான்" என்றார் பர்னாபே. 'மேயர் ஐயா' எங்கோ போயிருந்தது. "என் புள்ளி... அது நீ போட்ட பிச்சையா?"

"பர்னாபே, கேளு..."

"அந்தக் குண்டை அலமாரியில வச்சு எண்ணெய் போட்டுத் துடைச்சிட்டிருக்கேன்யா. வர்ற போறவங்ககிட்டயெல்லாம் காட்டினேன். சிலையத் திருடினதக்கூட மன்னிச்சிடலாம்."

"நான் வேற பாவமன்னிப்பு கேட்டுத் தொலைச்சேன்" என்றார் பாதிரியார். "செய்யாத பாவத்துக்கு."

மேயர் நாற்காலியைத் தேடினார். யாரும் கொடுக்கவில்லை. நின்றபடியே சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சுருக்கமான பேச்சு அதுதான்.

ஃபானியைப் பாரம்பரியச் சின்னமாக அரசு அறிவித்து ஒரு பலகை வைக்க வேண்டும், அந்தப் பலகையின் கீழே தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசை. பிப்ரவரியில் கஃபே பூட்டியிருந்த வாரம், தன்னிடமிருந்த சாவியால் திறந்து, ஃபானியை லியோனுக்கு ஒரு நிபுணரிடம் கொண்டுபோனார். ஐந்நூறு வருடத்து வால்நட் மரச் சிற்பம் என்று சான்றிதழ் கேட்டார். நிபுணர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, பழைய உள்ளாடைக் கடையின் அலங்காரப் பொம்மை, வெறும் பிளாஸ்டர் என்றார். திரும்பும்போது நல்ல மழை. குடையை மடக்குவதற்காகச் சிலையை ஒரு நொடி கார் சீட்டில் வைத்தார்.

"அப்புறம்?" என்றாள் எர்மீன்.

"மறந்துபோய் உக்காந்துட்டேன்."

ரோலான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மேயர் பின்புறம் ஃபானி பின்புறத்துமேல" என்றார் ரோலான் பக்தியுடன். "இது எங்க ஊர்ல நடந்ததே இல்ல."

ஃபானி மூன்று துண்டாக மேயரின் கார் டிக்கியில், விழா நாட்களில் அவர் தோளில் குறுக்கே அணியும் மூவண்ணப் பட்டையில் பத்திரமாகச் சுற்றப்பட்டுக் கிடந்தாள். தூக்கிப் போட மனம் வரவில்லையாம். அந்த ஒரு வார்த்தைக்காகப் பாதி ஊர் அவரை மன்னித்தது. மீதிப் பாதி அவரிடம் புள்ளி எடுத்தவர்கள்.

"அதெல்லாம் சரி" என்றாள் எர்மீன். "என் தங்கச்சி மேல பழி போட்டீங்களே, அது?"

மேயர் தரையைப் பார்த்தார். "படம் எடுக்கிறவன் எதிர்ல நின்னான். பயந்துட்டேன். வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன், மன்னிச்சிடு சொலான்ஜ்."

"மன்னிப்பு அப்புறம் மேயர் ஐயா" என்றாள் சொலான்ஜ். குரல் திரும்பி வந்திருந்தது. "முதல்ல குத்தகை."

ஊர்ச் சபையின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் கஃபேயிலேயே இருந்தார்கள்; ஞாயிறு மதியம் வேறெங்கே இருப்பார்கள்? நாளைக்குக் கையெழுத்தாகட்டும், முடிவு இப்போதே என்றார் பாதிரியார். கைகள் எழுந்தன. இந்த முறை பெருமைக்கு அல்ல. கடைசியாக எழுந்தது மேயரின் கை.

பர்னாபே மைதா மாவைப் பசையாகக் காய்ச்சி எடுத்து வந்தார். கோபம் குறையாமலே மூன்று துண்டையும் ஒட்டினார். நடுவில் ஒரு விரிசல் மட்டும் அடங்கவில்லை. "அங்க ஏற்கனவே ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு தெரியாது" என்றாள் அவர் மனைவி.

1.30. மணி அடித்தது. திரை விலகியது. மேயர் மீண்டும் மண்டியிட்டார். பாக்கியிருந்த முத்தத்தைக் கொடுத்தார். பசை காயவில்லை, வெள்ளை மீசையோடு எழுந்தார். புகைப்படக்காரர் இதுவரை எடுத்த படங்களையெல்லாம் மறந்துவிட்டார்.

அதற்குள் முதல் கொழுக்கட்டை சப்பையாகியிருந்தது. சொலான்ஜ் புதிதாக இரண்டு வைத்தாள். ஒன்று அக்காவுக்கு, ஒன்று தனக்கு. வெளியே மைதானத்தில் பர்னாபே மேயரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா. இப்பவே ஒரு ஆட்டம். ஒழுங்கா ஆடணும். ஒரு புள்ளி தானமா வந்துச்சுன்னா, நாளையிலேர்ந்து உனக்கு ரொட்டி கிடையாது."

எர்மீன் கொழுக்கட்டையின் பொன்னிற மேல்தோலை முள்கரண்டியால் உடைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. முதல் வாய் வைக்கும்போது மணி மறுபடி ஒலித்தது. பதிமூன்றுக்குப் பூஜ்யம்.

பர்னாபே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த மாடத்தின் முன்னால் அதுவரை யாரும் அவ்வளவு பெருமையாக மண்டியிட்டதில்லை.