வீட்டில் யாரும் இல்லை

பீரோ சரிந்து மங்கையர்க்கரசியின் வலது காலைக் கட்டிலோடு சேர்த்து நசுக்கியிருந்தது. வெள்ளம் மார்புக்கு வந்துவிட்டது. எவ்வளவு இழுத்தும் கால் வரவில்லை. அந்த நேரத்தில்தான் வாசலில் மீட்புப் படகின் சத்தம் கேட்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வீட்ல எத்தனை பேர்?" என்று படகுக்காரர் கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது.

"யாரும் இல்ல சார். எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க," என்றது வாசலி.

வாசலி என்பது நிலைக்கதவில் பதித்த காவல் இயந்திரம். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். உண்மையை மட்டுமே பேசும் என்பதால் தபால்காரர் முதல் போலீஸ்வரை மனிதர்களைவிட அதைத்தான் நம்பினார்கள். அப்படிப்பட்ட உத்தமனை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? நாத்தனார் திடுதிப்பென்று வந்து நின்றால் என்ன செய்வது? மங்கையர்க்கரசி மூன்று மாதம் பாடுபட்டு அதைப் பொய் சொல்லப் பழக்கினாள். ஒருமுறை அவள் உள்ளேயிருந்து தும்ம, "அம்மாதான் தும்முறாங்க" என்று நாத்தனாரிடம் அது போட்டுக்கொடுத்ததில் மானம் போயிற்று. அன்றைக்கே கண்டித்துச் சொன்னாள்: "வாசல்ல ஆள் நிக்கிறப்போ நான் என்ன கத்தினாலும் காதுல வாங்காத. டி.வி. சத்தம்னு சொல்லு."

இப்போது தொண்டை கிழியக் கத்தினாள். "ஐயோ, நான் உள்ள இருக்கேன்! பொய் சொல்லாதடா பாவி!"

"யாரோ பொம்பள கத்துற மாதிரி இருக்கே?" என்றார் படகுக்காரர்.

"டி.வி. சார்."

"கரண்ட்டே இல்லையேப்பா?"

புண்ணியவான், யோசிக்கிறார்! அவள் இருந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இன்வெர்ட்டர் சார்," என்றது வாசலி, துளியும் தடுமாறாமல்.

"வாசலியே சொல்லுதுன்னா சரிதான். அடுத்த தெருவுக்கு விடுப்பா," என்றார் அவர். மோட்டார் சத்தம் தேய்ந்து மறைந்தது. தண்ணீர் கழுத்தைத் தொட்டது.

"இன்வெர்ட்டர் நீங்க சொல்லித் தராததும்மா, நானே யோசிச்சேன்," என்றது வாசலி ஆசையாக. "சரியா சொன்னேனா?"

"கூப்பிடுடா! திரும்பக் கூப்பிடு! உள்ள ஆள் இருக்குன்னு சொல்லு!"

வாசலில் ஆள் இல்லாததால் இந்த முறை அவள் பேச்சு அதன் காதில் ஏறியது. "உள்ள அம்மா இருக்காங்க! காப்பாத்துங்க!" என்று தெருவே அதிரக் கூவியது. மறுமொழியாக மழைச் சத்தம்தான் கேட்டது.

"சொல்லிட்டேம்மா," என்றது வாசலி. "ஆனா வாசல்ல யாரும் இல்லையே."