குனியக் கூடாத நாட்கள்

மாமனாரின் மூக்குக்கண்ணாடி கை தவறிச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் விழுந்தது. அவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். ஆனால் குனியவில்லை.

"ஏம்மா... கண்ணாடி விழுந்துடுச்சு போலிருக்கே!" என்றார் மாமனார். அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா, கதவா என்பதே அவருக்குத் தெரியாது.

"இதோ மாமா... ஒரு நிமிஷம்..."

இடுப்பை வளைக்காமல், தலையைத் தாழ்த்தாமல், ஒரு காலை மட்டும் மேசைக்கு அடியில் நீட்டி மெல்லத் துழாவினாள். விரல் நுனியில் கண்ணாடி தட்டுப்பட்ட அதே நேரத்தில்தான் நாத்தனார் உள்ளே வர வேண்டுமா?

"அண்ணி! அப்பாவோட கண்ணாடியைக் காலாலயா தள்றீங்க?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

நாத்தனார் வெளியூர்க் கல்லூரியில் பேராசிரியை. விடுமுறைக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் இன்றும் அவள் 'குட்டி'தான். குட்டியின் குரல் வகுப்பறைக்கென்றே செய்த குரல், வாசல் வரைக்கும் கேட்கும்.

"நேத்துலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வாளியைத் தூக்க மாட்டேங்கறீங்க, கீழே ஒரு ஸ்பூன் கிடந்தா தாண்டிப் போறீங்க. ஒரு பல்லைப் பிடுங்கிக்கிட்டதுக்கா இத்தனை அலட்டல்?"

பல்லைப் பிடுங்கியதாகத்தான் அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். அது பொய். பிடுங்குவதற்கு அந்தப் பக்கம் பல்லே கிடையாது.

வலது பக்க மேல்வரிசைப் பற்கள் போய் வருஷக்கணக்காயிற்று. அந்த இடத்தில் கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று இருந்தது. பேசினால் ஆடும், சாப்பிட்டால் நழுவும். அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு சமாளித்துவிடுவாள். ஒருநாள் கவசத்தைக் கழற்றிவிட்டு வாடிக்கையாளருக்கு மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, செட் நழுவி ரசீதின் மேலேயே விழுந்துவிட்டது. அந்த ஆள் நல்ல மனுஷன், பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் அவளை இன்னும் கொன்றது.

அதற்குப் பிறகுதான் பல் டாக்டரிடம் போனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "பல் இல்லாம விட்டுட்டதால மேல்தாடை எலும்பு கரைஞ்சு போச்சும்மா. அதுக்கு மேல கன்னத்துக்குள்ள காத்து நிரம்பின ஒரு அறை இருக்கு, அது கீழே இறங்கிடுச்சு. நேரா ஸ்க்ரூ வெச்சுப் பல் கட்டினா நிக்காது. அந்த அறையோட சவ்வை மெதுவா மேலே தூக்கி, அடியில எலும்புத் தூள் வெச்சுத் தைக்கணும். அது இறுகி எலும்பானப்புறம்தான் பல்லு" என்றார்.

வீட்டில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முன்னொரு தடவை, "பல்லை நிரந்தரமா கட்டிக்கலாமாங்க?" என்று கேட்டிருக்கிறாள். விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த கூடத்திலேயே கணவன் சிரித்தான். "இனிமே உனக்குப் பல்லு எதுக்கு? யாரைப் பாத்துச் சிரிக்கப் போற?" எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் கெட்டு அவளும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு.

அதனால் கடையில் கூட வேலை பார்க்கும் பெண்ணை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு, முந்தின நாள் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டாள். டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: மூக்கைச் சிந்தக் கூடாது, வாயை மூடிக்கொண்டு தும்மக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலை கீழே போகும்படி குனியவே கூடாது.

சத்தம் கேட்டுக் கணவன் சவர நுரையோடு வந்தான்.

"என்ன கலாட்டா காலங்காத்தால?"

"உன் பெண்டாட்டியைக் கேளுண்ணா! அப்பா கண்ணாடியைக் காலால எத்தறாங்க. கீழே விழுந்ததை எடுக்கக்கூட கௌரவம் குறைஞ்சு போயிடுதாம்!"

"நான் எத்தல..." என்றாள் அவள். வீங்கிய கன்னத்தில் வார்த்தை குழறியது.

"பின்னே? குனிஞ்சு எடு" என்றான் அவன்.

"என்னங்க... நீங்க கொஞ்சம்..."

"குனிஞ்சு எடுன்னு சொல்றேன்! பெரியவர் கண்ணு தெரியாம உக்காந்திருக்காரு, வேடிக்கையா பாக்கற?"

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அன்றைய சிரிப்பு மறுபடியும் கேட்குமே! அதற்கு இது தேவலை என்று தோன்றிவிட்டது. அவள் குனிந்தாள்.

கண்ணாடியை எடுத்து மாமனார் கையில் கொடுத்தாள். கன்னத்துக்குள் எதுவோ விண்ணென்று தெறித்தது. மூக்கிலிருந்து சூடாக இறங்கியது. அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் சொட்டு சொட்டாகச் சிவப்பு விழுந்தது.

"ஐயோ அண்ணி... ரத்தம்!"

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல... சட்டை கறையாயிடுச்சே மாமா, கழட்டிக் குடுங்க..." அப்போதும் அவள் அதைத்தான் சொன்னாள்.

பல் மருத்துவமனையில் டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்து, படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றினார். "நல்ல வேளை, தையல் பிரியல. சவ்வும் கிழியல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெச்ச எலும்பெல்லாம் வீணாப் போயிடும்" என்றவர், கணவன் பக்கம் திரும்பினார். "குனியவே கூடாதுன்னு அவ்வளவு சொல்லி அனுப்பினேனே! வீட்ல யாருமே பாத்துக்கலையா?"

அவன் விழித்தான். என்ன ஆபரேஷன் என்றே அவனுக்குத் தெரியாது. டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்க விளக்க, ஒரு காதோரம் காய்ந்துபோயிருந்த சவர நுரையை அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றான் கடைசியில்.

"கேட்டேனே... நீங்க சிரிச்சீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அவனால் அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டார். "இங்க எலும்புல பழைய அடி ஒண்ணு தெரியுதே... எப்படிப் பட்டது?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர். ரொம்ப நாளாச்சு" என்றாள் அவள். சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில்.

"பொய்!"

கதவோரம் நின்றிருந்த நாத்தனார்தான். வகுப்பறைக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"குட்டி, பேசாம இரு..." அவள் நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"இல்ல அண்ணி, இனிமே முடியாது! ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தாங்க டாக்டர். நான்தான் ஓட்டினேன். வண்டியைத் தொட்டா காலேஜை நிறுத்திடுவேன்னு அப்பா சொல்லியிருந்தாரு. நான் திருட்டுத்தனமா எடுத்தேன். தனியா விடப் பயந்து அண்ணி பின்னாடி ஏறினாங்க. வாய் நிறைய ரத்தத்தோட, 'நீ வாயைத் தொறக்காதே, நான் பாத்ரூம்ல விழுந்தேன்னு சொல்லிக்கறேன்'னாங்க... நானும் தொறக்கல. படிச்சேன், வேலைக்குப் போனேன்... இன்னிக்கு வரைக்கும் தொறக்கல!"

கணவன் எழுந்தே விட்டான். "குட்டி... என்ன சொல்ற நீ?"

"அண்ணி வாயில அந்த ஓட்டையைப் பாக்கும்போதெல்லாம் என் மேலயே எனக்கு ஆத்திரம் வரும் அண்ணா. அதை அவங்க மேலயே காட்டினேன். பொக்கை அண்ணின்னு பேர் வெச்சதே நான்தான். இன்னிக்குக் கண்ணாடியைக் காலால தள்றீங்கன்னு அவ்வளவு பேசினேனே... நான் மனுஷியா?"

அவள் தலை குனிய முடியாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலம் மூடி வைத்தது உடைந்துவிட்டதில் அவளுக்குத்தான் அவமானமாக இருந்தது, ஏதோ தானே தப்பு செய்து பிடிபட்டவள் மாதிரி.

வீட்டுக்குத் திரும்பியதும் கணவன் பாயும் தலையணையும் எடுத்துப் போட ஓடினான். "இனிமே நீ ஒரு வேலையும் தொட வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றான்.

"நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேங்க" என்றாள் அவள். "தையல் பிரிக்கிற வரைக்கும்."

"ஏன்... இன்னும் கோபமா?"

"கோபமில்லீங்க. இங்க இருந்தா என்னை அறியாமலே குனிஞ்சிடுவேன். யாராவது கூப்பிட்டாப் போதும்... பழக்கம் அப்படி."

அவன் உள்ளே போய், எந்த அலமாரியில் அவள் துணி இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து தேடினான். அவள் சொல்லித் தரவில்லை. அவனே கண்டுபிடித்துப் பையில் அடுக்கினான்.

மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தாள்.

"எனக்குப் பயந்துதானேம்மா ரெண்டு பேரும் பொய் சொன்னீங்க?" என்றார். "வாயில ரத்தத்தோட நிக்கிற பொம்பளை உண்மையைச் சொல்லப் பயப்படற அளவுக்கா... நான் அப்படியா இருந்தேன்?"

அப்படியெல்லாம் இல்லை மாமா என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவள் சொல்லவில்லை. "மாத்திரை தட்டுல இருக்கு மாமா. சாப்பிட்டப்புறம் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

கார் அருகே போனால், பின் இருக்கையில் நாத்தனார் தன் பெட்டியோடு முன்னமே உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கடி?"

"நானும் வர்றேன். உங்க அக்கா வீட்ல வாளி தூக்க ஆள் வேணாமா? வேணாம்னு சொன்னா திண்டாடிப் போயிடுவேன் அண்ணி... சொல்லாதீங்க."

அவள் தலையை நிமிர்த்தியபடியே பக்கவாட்டில் மெல்ல நுழைந்து உட்கார்ந்தாள். கணவன் மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டினான்.

தெரு திரும்பியதும் நாத்தனார் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். அவள் அந்தத் தலையைத் தள்ளிவிடவில்லை. கை தானாகப் போய்க் கூந்தலைக் கோதியது. கண் நிறைந்து, மூக்கு நமநமவென்று வந்தது.

"ஏய் குட்டி... நிறுத்துடி! நீ அழுதா எனக்கும் வருது. நான் இப்ப மூக்கைச் சிந்தக் கூடாது!"

நாத்தனார் பதறி நிமிர்ந்து, கைக்குட்டையை எடுத்து, குழந்தைக்குத் துடைப்பது போல மெல்ல ஒற்றியெடுத்தாள்.